காற்று ஓய்ந்த இரவில் கருகும் கொழுந்து

நுவரெலியாவில் வெப்பமானி 4 பாகை செல்சியஸ் காட்டிய இரவு விடியும்போது, குதிரைப் பந்தயத் திடலின் புல்லும் அதை அடுத்த மரக்கறித் தோட்டங்களும் வெள்ளை பூத்துக் கிடக்கும். மறுநாள் பத்திரிகைகளில் படமும் வரும், வெப்பநிலையும் வரும். தண்ணீர் உறைவது 0 பாகையில் அல்லவா, 4 பாகையில் எப்படி உறைந்தது என்று கேட்பவர்கள் குறைவு. வெப்பமானியில் பிழையில்லை. அது நிற்கும் இடம் வேறு, புல் நிற்கும் இடம் வேறு. வளிமண்டலவியல் நிலையங்களில், உலகெங்கும் உள்ள வழக்கப்படி, வெள்ளை பூசிய பலகைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீற்றர் உயரத்தில் காற்றின் வெப்பநிலையை அளக்கிறார்கள். புல் நுனியோ அதற்குக் கீழே, மறைப்பு எதுவுமில்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மேகமற்ற, அசைவற்ற இரவில் இந்த ஒன்றரை மீற்றருக்குள் 4, 5 பாகை வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

காற்றுள்ள இரவில் அந்த வித்தியாசம் ஒரு பாகைக்குள் அடங்கிவிடும். அன்று பெட்டிக்குள் அதே 4 பாகை இருந்தாலும் புல்லில் ஒரு துளி உறையாது. காற்றடிக்கிற இராத்திரியில் பனி பிடிக்காது என்பது மலையகத்தில் கவ்வாத்துக் கத்தி பிடித்த எவருக்கும் தெரிந்த விஷயம். ஏன் பிடிக்காது என்பதற்குள்தான் நிலத்துக்கும் அதன்மேல் கிடக்கும் காற்றுக்கும் இடையே நடக்கும் வெப்பக் கொடுக்கல் வாங்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு தேயிலை இலையின் இரவுக் கணக்கைப் பார்ப்போம். எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களாகச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டேயிருக்கும். 5 பாகையில் உள்ள இலைப் பரப்பு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 340 வாட் வீதம் விடுகிறது. வானமும் திருப்பித் தருகிறது, ஆனால் எவ்வளவு என்பது மேகத்தையும் நீராவியையும் பொறுத்தது. மேகம் தாழ்ந்து கிடக்கும் இரவில் இலை விட்டது அநேகமாக முழுவதும் திரும்ப வந்துவிடும். மலைக்கு ஒரு கம்பளி போர்த்தியது மாதிரி. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் துடைத்துவிட்டது போலிருக்கும் வறண்ட இரவுகளில் திரும்ப வருவது 260, 270 வாட்தான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலுள்ள காற்றும் அதிலுள்ள நீராவியும் கொழும்பைவிடக் குறைவு, ஆகவே திரும்ப வருவதும் குறைவு. ஆக, சதுர மீற்றருக்கு 70 வாட் அளவில் ஓயாத நட்டம்.

இந்த நட்டத்தை எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டும். வெறும் தரையாக இருந்தால் பகலில் வாங்கி வைத்த சூட்டை மண் கீழிருந்து மேலே அனுப்பும். செடி அடர்ந்து மூடிய தேயிலை மலையில் மேல்மட்டத்து இலைக்கு அந்த உதவி வந்து சேராது. மண்ணுக்கும் அதற்கும் நடுவே நிறையக் கிளையும் இலையும் நிற்கின்றன. இலைக்குச் சொந்தச் சேமிப்பும் கிடையாது. கால் மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லாத ஒரு தகடு அது. சதுர மீற்றர் பரப்புள்ள இலைகளைச் சேர்த்தாலும் அவற்றிலுள்ள தண்ணீர் 200 கிராம் அளவில்தான் வரும். அதிலிருந்து 70 வாட் போனால், எதுவும் ஈடு வராத பட்சத்தில், பன்னிரண்டு விநாடிக்கு ஒரு பாகை வீதம் இலை குளிரும். ஒரு நிமிடத்துக்குள் 5 பாகை! அவ்வளவு வேகமாக இலை உறைந்துவிடுவதில்லை என்றால் அதற்குக் காரணம் சுற்றியிருக்கும் காற்று. இலையைவிடச் சற்றுச் சூடான காற்று அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, தன் சூட்டைக் கொடுக்கிறது.

எவ்வளவு வேகமாகக் கொடுக்கிறது என்பதுதான் கேள்வி. இலையின் மேற்பரப்பில் அசையாத காற்றுப் படலம் ஒன்று ஒட்டிக் கிடக்கிறது. அதைக் கடந்துதான் சூடு உள்ளே வர வேண்டும்; அசையாத காற்றோ வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். அந்தப் படலத்தின் தடிப்பைக் கணக்கிடத் தாவரவியலாளர்கள் ஓர் எளிய சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: இலையின் நீளத்தை மீற்றரிலும் காற்றின் வேகத்தை விநாடிக்கு மீற்றரிலும் எடுத்து, நீளத்தை வேகத்தால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, நான்கால் பெருக்கினால் தடிப்பு மில்லிமீற்றரில் வரும். 5 சென்றிமீற்றர் நீளமுள்ள தேயிலை இலைக்குப் போட்டுப் பாருங்கள். காற்று அநேகமாக ஓய்ந்து, விநாடிக்கு 10 சென்றிமீற்றர் மட்டும் நகரும்போது படலம் 2.8 மில்லிமீற்றர். விநாடிக்கு 1 மீற்றர் என்ற மெல்லிய காற்றில் 0.9. விநாடிக்கு 4 மீற்றர் வீசினால் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு.

வெப்பநிலையாக மாற்றினால் விஷயம் இன்னும் பளிச்சென்று தெரியும். 70 வாட் நட்டத்தை இலையின் இரு பக்கத்தாலும் காற்று ஈடுகட்ட வேண்டுமென்றால், முதல் நிலையில் இலை தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட 4 பாகை கீழே இறங்கினால்தான் கணக்குச் சரிவரும். இரண்டாவது நிலையில் 1.3 பாகை போதும். மூன்றாவதில் 0.7. அதாவது சுற்றியுள்ள காற்று 3 பாகையில் இருக்கும்போது, அசைவற்ற இரவின் இலை −1 பாகைக்குப் போகிறது. மெல்லிய காற்றில் நிற்கும் இலை 0 பாகைக்கு மேலேயே தங்கிவிடுகிறது. இலையில் படிந்த பனித்துளி உறைவதும் உறையாததும் இரண்டு மில்லிமீற்றர் காற்றுப் படலத்தின் காரியம்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, காற்றடித்தால் குளிர் கூடும் அல்லவா என்று கேட்கலாம். கொழுந்து எடுக்கப் போகிற பெண்ணுக்குக் கூடும். அவர் தோலின் வெப்பநிலை 30 பாகைக்கு மேல். காற்று அதைவிடக் குளிர்ந்தது. படலம் மெலிந்தால் அவர் உடம்புச் சூடு வேகமாக வெளியேறும். இலையின் நிலை இதற்கு நேர்மாறு. அது காற்றைவிடக் குளிர்ந்துபோய் நிற்கிறது. ஒரே காற்று ஒரே நிமிடத்தில் சூடானவரிடமிருந்து எடுத்துக் குளிர்ந்ததற்குக் கொடுக்கிறது. அதனால்தான் நம் உடம்பு சொல்வதை வைத்துக்கொண்டு இன்றிரவு பனி பிடிக்குமா என்று ஊகிக்க முடியாது. கம்பளியை இழுத்துப் போர்த்தவைக்கும் காற்றுள்ள இரவு கொழுந்துக்கு நல்ல இரவு. வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கலாம் போல அமைதியான இரவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. சுற்றியுள்ள காற்று 3 பாகையில் இருக்கும்போது என்று மேலே எழுதினேன். அது 3 பாகையிலேயே நிற்கும் என்று யார் சொன்னது? இலைக்குச் சூட்டைக் கொடுத்த காற்று தானும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று பாரம் கூடியது. அது அங்கேயே படுத்துவிடும். பகலில் தரை சூடாகும்போது அதைத் தொட்ட காற்று இலேசாகி மேலே எழும், மேலிருந்து வேறு காற்று இறங்கும். கலப்பு தானாக நடக்கும். இரவில் அது நின்றுவிடுகிறது. மேலே போகப் போகக் குளிரும் என்ற வழக்கமான ஒழுங்கு தரையருகே தலைகீழாகிறது: கொழுந்து மட்டத்தில் 0 பாகை, பத்துப் பதினைந்து மீற்றர் உயரத்தில் 3 பாகை, சில வேளை 5 பாகை. தேவையான சூடு தலைக்கு மேலேயே இருக்கிறது. அதை இறக்கிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

இறக்கிக் கொடுக்கக் கூடியது காற்றின் கொந்தளிப்பு. செடியின் மீதும் மரத்தின் மீதும் தடுக்கி ஓடும் காற்று சிறிதும் பெரிதுமான சுழிகளாக உடைகிறது. ஒவ்வொரு சுழியும் மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் புரட்டிப் போடுகிறது. இப்படித்தான் வளிமண்டலம் வெப்பத்தைக் கடத்துகிறது என்பதை முதலில் தெளிவாக அளந்து காட்டியவர்களில் ஒருவர் ஜெப்ரி இன்கிராம் டெய்லர். அவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தது, விநோதமாக, டைட்டானிக் விபத்து. 1912இல் கப்பல் மூழ்கிய பிறகு வடஅட்லாண்டிக் பனிப்பாறைகளைக் கண்காணிக்க 1913இல் ஸ்கோஷியா என்ற கப்பலை அனுப்பினார்கள். அதில் வானிலையாளராகப் போன டெய்லர், பட்டங்களில் கருவிகளைக் கட்டி மேலே அனுப்பி, குளிர்ந்த கடல் மேலே வந்த சூடான காற்று அடியிலிருந்து எந்த உயரம் வரை குளிர்ந்திருக்கிறது என்று அளந்தார். சுழிகளின் வேலையை அதிலிருந்து கணக்கிட்டு 1915இல் வெளியிட்டார். நியூபவுண்ட்லாந்துக் கடலுக்குச் சொன்ன அதே கணக்கு நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையின் இரவுக்கும் பொருந்தும். கீழே குளிர்ந்த பரப்பு, மேலே சூடான காற்று.

சில ஆண்டுகள் கழித்து லூயிஸ் ப்ரை ரிச்சர்ட்சன் அடுத்த கேள்வியை எடுத்தார்: சுழிகள் எப்போது உயிரோடிருக்கும், எப்போது செத்துப்போகும்? அடியில் கிடக்கும் பாரமான காற்றைத் தூக்கச் சுழிக்குச் சக்தி செலவாகிறது. அந்தச் சக்தி காற்றின் வேகம் உயரத்தோடு கூடுவதிலிருந்து வருகிறது. செலவு வரவை மிஞ்சினால் சுழி அடங்கிவிடும். இந்த விகிதத்துக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. அது சுமார் கால் என்ற அளவைத் தாண்டினால் கொந்தளிப்பு நிலைக்காது என்பது பொதுவான கணிப்பு.

நுவரெலியாவின் மாலை ஐந்தரை மணியை இப்போது நினைத்துப் பாருங்கள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிறது. தரை குளிரத் தொடங்குகிறது. காற்று இலேசாகக் குறைகிறது. காற்று குறைந்ததால் கலப்பு குறைகிறது, அதனால் தரை இன்னும் குளிர்கிறது, அடுக்கு இன்னும் இறுகுகிறது, அதனால் காற்று இன்னும் ஓய்கிறது. ஒன்று மற்றதைத் தூண்டிவிடும் இந்தச் சங்கிலி ஓடத் தொடங்கிவிட்டால், மேலே ஐம்பது மீற்றரில் காற்று ஓடிக்கொண்டிருந்தாலும் பள்ளத்துச் செடிக்கு அது எட்டாது. விநாடிக்கு 2 மீற்றர் அளவுக்குக் காற்று தொடர்ந்து வீசினால் சங்கிலி பெரும்பாலும் அறுந்துவிடும். அதற்குக் கீழே எல்லாம் அதிர்ஷ்டம். நடு இரவில் எங்கிருந்தோ ஒரு வீச்சு வந்து சில நிமிடத்தில் வெப்பநிலையை 2, 3 பாகை தூக்கிவிட்டுப் போவதும் உண்டு. அரைமணி நேரத்தில் பழையபடி இறங்கிவிடும்.

காற்று உறைவைத் தடுக்கும் என்பதை விஞ்ஞானிகளுக்கு முன்பே தொழிலாக அறிந்திருந்தவர்கள் வட இந்தியாவின் பனிக்கட்டித் தயாரிப்பாளர்கள். அலகாபாத்தில் குளங்குட்டைகளில் இயற்கையாகத் தண்ணீர் உறைவதைத் தான் கண்டதில்லை என்று எழுதிய சர் ராபர்ட் பார்க்கர், அதே ஊரில் குளிர்காலத்தில் பனிக்கட்டி எடுக்கும் முறையை 1775இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு விவரித்தார். இரண்டடி ஆழத்தில் அகலமான குழி; அடியில் கரும்பு அல்லது சோளத் தட்டைகளை ஓரடி வரை தடிப்பாகப் பரப்பி மண்ணின் சூடு ஏறாமல் மறித்தல்; அதன்மேல் ஆழமில்லாத, மெருகிடாத மண் தட்டுகளில் தண்ணீர். சூரியன் எழுமுன் ஆட்கள் வந்து கட்டியைச் சேகரிப்பார்கள். வானம் தெளிவாக, காற்று அமைதியாக இருக்க வேண்டும். மேகமோ மாறிமாறி அடிக்கும் காற்றோ வந்தால் அன்று ஒன்றும் தேறாது என்பதையும் பார்க்கர் குறித்திருக்கிறார். பனித்துளியைப் பற்றி 1814இல் நூல் எழுதிய லண்டன் மருத்துவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் இந்தச் செய்தியை எடுத்து ஆராய்ந்து, தண்ணீர் ஆவியாவதால் அல்ல, வானத்துக்குச் சூட்டை இழப்பதால்தான் அது உறைகிறது என்று காட்டினார். குழி, தட்டை, அசைவற்ற காற்று என்று அலகாபாத் தொழிலாளி வேண்டுமென்றே ஏற்பாடு செய்ததை எல்லாம் நுவரெலியாவின் பள்ளம் வேண்டாமலே செய்து கொடுக்கிறது.

தரையருகே வெப்பநிலையைப் பற்றிப் பேசும்போது எல்.ஏ.ராமதாஸைத் தாண்டிப் போக முடியாது. 1900இல் பாலக்காட்டில் பிறந்தவர், சி.வி.ராமனின் மாணவர், புனேயில் இந்திய வேளாண் வானிலையியலுக்கு அடித்தளம் போட்டவர். அமைதியான தெளிந்த இரவில் மிகக் குளிர்ந்த இடம் தரையல்ல, தரைக்கு மேல் சில பத்துச் சென்றிமீற்றர் உயரத்தில் உள்ள காற்று என்று அவரும் ஆத்மநாதனும் 1932இல் வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. அளவீட்டுத் தவறாக இருக்கும் என்றார்கள். பிறகு பல இடங்களில் அளந்து உறுதியானது. அறிவியல் நூல்கள் அதை ராமதாஸ் படலம் என்றே குறிக்கின்றன. 1990களில் ரொத்தம் நரசிம்மாவும் உடன்பணியாளர்களும் காற்றின் சொந்தக் கதிர்வீச்சைக் கொண்டு அதற்கு விளக்கம் தந்தார்கள். பின்னர் பெங்களூரில் நடந்த ஆய்வுகள் காற்றில் மிதக்கும் நுண்துகள்களின் பங்கையும் சேர்த்தன. காற்று சற்று வேகமெடுத்தால் இந்தப் படலமும் கலைந்துவிடும். மலையகத்துக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது: புல்லில் அளந்தது செடிக்குப் பொருந்தும் என்றும், செடி மட்டத்தில் அளந்தது தரைக்குப் பொருந்தும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த உயரத்தைப் பற்றிக் கவலையோ அந்த உயரத்தில் அளக்க வேண்டும்.

இனி இடத்துக்கு வருவோம். நுவரெலியா நகரம் மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. வடக்கே 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகால, அடியில் பந்தயத் திடல், கொல்ப் மைதானம், கிரகரி வாவி. சரிவுகளில் குளிர்ந்த காற்று பாரம் கூடி மெதுவாக இறங்கிக் கிண்ணத்தின் அடியில் தேங்குகிறது. 0 பாகைக் காற்று 5 பாகைக் காற்றைவிட நூற்றுக்கு இரண்டு பங்குகூடப் பாரம் அதிகமில்லை. ஆனால் அசைவற்ற இரவில் அந்தச் சிறு வித்தியாசமே போதும். அதனால்தான் வெள்ளைப் புல்லின் படங்கள் எப்போதும் திடலிலிருந்தும் ஓடையோர மரக்கறிப் பாத்திகளிலிருந்தும் வருகின்றன, சரிவின் நடுப்பகுதியிலிருந்து வருவதில்லை. ஒரே தோட்டத்தில் பணிய மலையின் அடிவரிசைகள் கருகிப்போயிருக்க, ஐம்பது அடி மேலே கொழுந்து பசுமையாக நிற்பதும் இதனால்தான். ஹற்றன் 1,271 மீற்றரில் இருக்கிறது. அறுநூறு மீற்றர் இறங்கியதற்கே காற்று 4 பாகை அளவு சூடு கூடிவிடும். ஆகவே அந்தப் பக்கத் தோட்டங்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலையகத்தின் மேற்குப் பக்கத் திம்புள்ளைத் தேயிலையின் நல்ல பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. தெளிந்த வானம், வறண்ட காற்று, குளிர்ந்த இரவு: இவை கூடும்போதுதான் கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் ஏறுகிறது, ஏலத்தில் விலையும் ஏறுகிறது. கொழுந்தைக் கருக்கும் இரவுகளும் இதே மூன்றின் சேர்க்கைதான், காற்று மட்டும் கூடுதலாக ஓய்ந்திருக்கும். மேற்குப் பருவத்துக்கு இப்படியென்றால் கிழக்கே ஊவாவின் கதை காற்றாலேயே ஆனது. ஜூலை, ஓகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று ஹற்றன், வட்டவளைப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலை முகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது உலர்ந்து சூடாகியிருக்கும். நீராவி மழையாகும்போது வெளிவிட்ட சூடு காற்றிலேயே தங்கிவிடுகிறது. இறங்கும்போது கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் மேலும் சூடேறுகிறது. கச்சான் எனப்படும் அந்தக் காற்றுதான் ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்குக் காரணம் என்பார்கள். பகல் வெயிலில் கொடுக்கல் வாங்கல் திசை மாறிவிடும்: இலை காற்றைவிடச் சூடு, வீசும் காற்று அதைத் தணிக்கிறது, கூடவே ஈரத்தையும் உறிஞ்சுகிறது. தோட்டங்கள் காற்றுத் தடுப்பு மரவரிசைகளை நட்டது இந்தப் பகல் நட்டத்தைக் குறைக்கத்தான்.

அந்த வரிசைகளைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. மே முதல் செப்டெம்பர் வரையான பெருங்காற்றுக்கு அவை தேவை, மறுப்பில்லை. ஆனால் சரிவுக்குக் குறுக்கே, பள்ளத்தின் வாயில் அடர்ந்த வேலி நின்றால், ஜனவரி இரவில் இறங்கி வரும் குளிர் காற்று வெளியேற வழியில்லாமல் அதன் மேற்புறத்தில் தேங்கும். காற்றைத் தடுக்க நட்ட வேலி குளிரையும் அடைத்து வைக்கிறது. வேலியின் கீழ்முனையில் நாலைந்து மீற்றர் இடைவெளி விடுவதும், அடிக்கிளைகளைக் கழித்துவிடுவதும் பெரிய செலவில்லை. மழைத் தண்ணீருக்குக் கான் வெட்டும் தோட்டத்தில் குளிர் காற்றுக்கும் ஒரு வழி விடலாம். மரம் முற்றாகக் கூடாது என்பதல்ல. செடிக்கு மேலே நிழல் மரத்தின் கிளை கவிந்திருந்தால் இலை பார்ப்பது வானத்தையல்ல, அந்தக் கிளையை. அதன் இரவு நட்டம் பாதியாகக் குறையும்.

யப்பானியர்கள் இதைத் தலைகீழாக அணுகினார்கள். காற்று வராவிட்டால் வரவழைப்பது! ஷிசுவோக்காவிலும் ஊஜியிலும் தேயிலைத் தோட்டங்களின் நடுவே மின்கம்பம் போல உயர்ந்த தூண்கள் நிற்கும். ஒவ்வொன்றின் உச்சியிலும் சாய்ந்த விசிறி. வசந்தத்தின் முதல் கொழுந்து அரும்பும் வேளையில் உறைபனி வந்தால் ஆண்டின் மிக விலையுயர்ந்த அறுவடை போய்விடும். இளங்கொழுந்து கருக −2 பாகை போதும். செடி மட்டத்துக் குளிர் குறித்த எல்லைக்கு இறங்கியதும் விசிறிகள் தாமாக ஓடத் தொடங்கி, ஆறேழு மீற்றர் உயரத்திலுள்ள சூடான காற்றைக் கீழே தள்ளும். அவை சூட்டை உண்டாக்குவதில்லை. சுழிகளின் வேலையைச் செய்கின்றன, அவ்வளவுதான். நுவரெலியாவுக்கு இது தேவையா? என் கணிப்பில் தேவையில்லை. இங்கு பனி பிடிக்கும் இரவுகள் ஆண்டில் சில. பனி பிடிக்கும் பள்ளங்கள் தோட்டத்தின் சிறு பகுதி. தூணுக்கும் மோட்டாருக்கும் போடும் பணம் திரும்பி வராது. கிண்ணத்தின் அடியில் விலையுயர்ந்த மரக்கறியும் பூவும் போடுகிறவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

தண்ணீர் தெளிப்பது வேறு விஷயம். ஒரு கிலோ தண்ணீர் உறையும்போது 334 கிலோஜூல் சூட்டை வெளிவிடும். உறைந்துகொண்டேயிருக்கும் வரை இலை 0 பாகையைவிட்டு அதிகம் இறங்காது. ஆனால் தெளிக்கத் தொடங்கினால் வெயில் ஏறிக் கட்டி கரையும் வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால், அதுவும் வறண்ட காற்று வீசும்போது, தண்ணீர் ஆவியாகத் தொடங்கும். ஒரு கிலோ ஆவியாக எடுக்கும் சூடு ஏழரைக் கிலோ உறைந்து கொடுத்த சூட்டைத் தின்றுவிடும். தெளித்த பாத்தி தெளிக்காத பாத்தியைவிட மோசமாகும். இது காற்று கெடுதல் செய்யும் ஒரு சந்தர்ப்பம்.

நீலகிரியில் தலைகுந்தாவும் கேரளத்தில் மூணாறும் மலைப் பள்ளங்களில் இதே தொல்லையைப் படுகின்றன; 2019 ஜனவரியில் மூணாறுத் தோட்டங்களில் தேயிலை பெருமளவு கருகியது. புல்லாலும் தழையாலும் செடியை மூடுவது அங்கும் இங்கும் பழைய வழக்கம். இரவில் வானத்தைப் பார்ப்பது மூடிய புல்லாக இருக்கும், அடியிலுள்ள இலை தப்பும். இதே புல்லை இளங்கன்று நட்ட மலையில் தரைமேல் பரப்பினால் விளைவு எதிர்மாறு. மானாவும் குவாட்டமாலாப் புல்லும் மண்ணரிப்பைத் தடுக்க அவசியமானவை. ஆனால் பனி பிடிக்கும் பள்ளத்தில் அவை அலகாபாத் தட்டைகளைப் போல மண்ணின் சூட்டை அடியில் அடைத்துவிட்டு மேலே கன்றைக் குளிரவிடும். அந்தச் சிறு துண்டில் மட்டும் ஜனவரிக்கு முன் புல்லைக் கன்றின் அடியிலிருந்து ஒதுக்கி வைக்கலாம்.

தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துத் தகரக் கூரையும் தேயிலை இலையைப் போல ஒரு மெல்லிய தகடுதான். தெளிந்த இரவில் அதுவும் காற்றைவிடக் குளிர்ந்து, உள்ளே உறங்குபவர்களின் மூச்சிலுள்ள ஈரம் அதன் அடிப்புறத்தில் படிந்து சொட்டுகிறது. காற்றுள்ள இரவில் சொட்டு குறையும், ஆனால் இடுக்குகளால் குளிர் நுழையும். கூரைக்கு அடியில் ஒரு பலகைத் தட்டு அடித்தால் இரண்டும் தீரும். செடிக்குச் செய்யும் கணக்கை வீட்டுக்கும் செய்யாமல் விட்டது நம் தோட்ட வரலாற்றின் பழைய குணம். கொழுந்து கருகினால் நிறை குறையும், நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். உறைபனியின் செலவு கடைசியில் வந்து விழுவதும் அந்தக் கூரைக்கடியில்தான்.

முன்கூட்டியே அறிய முடியுமா? ஓரளவுக்கு முடியும், அதற்கான கருவி பெரும்பாலும் தோட்டத்திலேயே இருக்கிறது. ஸ்டோரில் கொழுந்து வாட்டும் இடத்தில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியையும் சுற்றாத வெப்பமானியையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வைத்திருப்பார்கள். அதே சோடியை மாலை ஆறு மணிக்கு வெளியே, பள்ளத்தருகே பாருங்கள். உலர்ந்தது 12 பாகை, ஈரமானது 8 பாகை என்றால், நுவரெலியாவின் உயரத்துக்குக் கணக்கிட்டால், காற்றிலுள்ள நீராவி 5 பாகை அளவில் பனித்துளியாகத் தொடங்கும். துளி படியும்போது வெளிவரும் சூடு குளிர்வைத் தாமதப்படுத்தும். இரவில் எட்டு மணி நேரத்தில் 0.2 மில்லிமீற்றர் பனிநீர் படிந்தால் சதுர மீற்றருக்குச் சராசரி 17 வாட், நட்டத்தில் கால்வாசி. ஈரமானது 6 பாகை காட்டினால் அந்தப் பனிநிலை 0 பாகையைத் தொடுகிறது. அந்த உதவி காலம் கடந்துதான் வரும். வானில் மேகமில்லை, ஆறு மணிக்கே புகை நேராக எழுந்து ஒரு மட்டத்தில் படர்ந்து நிற்கிறது, இரண்டு வெப்பமானிக்கும் 6 பாகை இடைவெளி: இந்த மூன்றும் சேர்ந்தால் பள்ளத்துக் கன்றுகளை அன்றைக்கே மூடிவிட வேண்டியதுதான்.

தலவாக்கலை சென்கூம்ஸில் 1,382 மீற்றர் உயரத்திலிருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கப்பட்டது. அங்குள்ள வானிலைப் பெட்டி அந்த இடத்தின் காற்றைச் சரியாகச் சொல்லும். உங்கள் தோட்டத்துப் பணிய மலையின் அடிவரிசையைச் சொல்லாது. அதற்கு இரவின் மிகக் குறைந்த அளவைக் குறித்துவைக்கும் வெப்பமானிகள் மூன்று போதும்: ஒன்று பள்ளத்தின் அடியில், ஒன்று சரிவின் நடுவில், ஒன்று முகட்டில், மூன்றும் கொழுந்து மட்டத்தில், மறைப்பில்லாமல். பக்கத்தில் ஒரு கம்பில் துணி நாடா கட்டி, மாலையிலும் விடியலிலும் அது அசைந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை எழுதி வையுங்கள். எந்த வேலியைத் திறப்பது, எந்த வரிசையை மூடுவது, எங்கே தேயிலையை விட்டுவிட்டுப் புல்லையே வளர விடுவது என்று இரண்டு பருவக் குறிப்புகளை வைத்துத் தோட்டமே முடிவெடுக்கலாம்.